‘முழுசாச் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்’

ஒருவருக்கு மனநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவரைச் சுற்றி ஒரு பேச்சு புழங்கத் தொடங்கும். “முழுசாச் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்.” வேலைக்குப் போவதா? அப்புறம். விட்ட படிப்பைத் தொடர்வதா? அப்புறம். வீட்டுச் சாவி, ஏடிஎம் கார்டு, தனியாக ஒரு பயணம், நண்பர் வீட்டு விசேஷம், எல்லாமே அப்புறம்தான். சொல்பவர் பெரும்பாலும் பாசக்காரர். திட்டுவதில்லை, விரட்டுவதில்லை. ஆனால் ஒரு மனிதரை வாழ்க்கையிலிருந்து சத்தமில்லாமல் ஓரங்கட்டுவதில் எந்த வசைச்சொல்லும் இந்த வாக்கியத்தின் கிட்டே வராது.

ஏனென்றால் ‘முழுசா’ என்கிற அந்த நாள் பலருக்கு வருவதே இல்லை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, மாத்திரையை ஒழுங்காக எடுத்தாலும், குரல்கள் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும். மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு சில வருடம் அடங்கிக் கிடந்து மறுபடி தலைதூக்கும். கடும் மனச்சோர்வு ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இன்னொரு முறையும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் ஏதாவது ஒரு மனநலக் கோளாறோடு வாழ்ந்தவர்கள் 97 கோடிப் பேர், அதாவது எட்டில் ஒருவர். இவ்வளவு பேரும் நோய் முற்றும் நீங்கிய பிறகுதான் வாழத் தொடங்க வேண்டும் என்றால், பலருடைய ஆயுள் வாசற்படியில் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும்.

மனநோய் உள்ளவர்களுக்கான மறுவாழ்வுத் திட்டங்களும் வெகுகாலம் இந்த ‘அப்புறம்’ மீதுதான் கட்டப்பட்டிருந்தன. முதலில் பயிற்சி. பிறகு மேற்பார்வையோடு ஒரு பட்டறை, அதில் உறை ஒட்டுவது, பொருள்களைப் பொட்டலம் கட்டுவது. அங்கே தேறினால் வெளியே வேலை. நிறையப் பேர் அந்தப் பட்டறையைத் தாண்டவே இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஆய்வாளர்கள் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். முதலில் வேலை, பயிற்சி அந்த வேலையில் இருந்தபடியே.

அவர்கள் முறையின் விதிகள் கறாரானவை. வேலை வேண்டும் என்று கேட்கும் யாரையும் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. பொம்மை வேலை கூடாது, மற்றவர்கள் வாங்கும் அதே சம்பளத்தில் வெளிச்சந்தையில் உள்ள வேலையாக இருக்க வேண்டும். சேர்ந்த முதல் மாதத்துக்குள்ளேயே முதலாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிட வேண்டும். வேலை தேடித் தரும் உதவியாளர் சிகிச்சைக் குழுவோடு ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும், அவர் பொறுப்பில் இருபது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வேலை கிடைத்ததோடு உதவி முடிவதில்லை. 2007-ல் வெளியான ஆறு ஐரோப்பிய மையங்களின் ஆய்வில், கடும் மனநோய் உள்ள 312 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இந்த முறையில் போனவர்களில் 55 விழுக்காட்டினர் வேலைக்குப் போனார்கள். முதலில் பயிற்சி என்ற பழைய முறையில் போனது 28 விழுக்காடு. வேலைக்கு அவசரப்படுத்தினால் நோய் முற்றிவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை. வேலைக்கு முதலிடம் கொடுத்த குழுவில்தான் மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் குறைவு.

வேலையில் சேர்த்த பிறகு எங்கே சறுக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். மனநோய்க்கான சில மாத்திரைகள் காலையில் கண்ணைத் திறக்கவிடாத மந்தத்தைத் தரும். எட்டு மணிக்கு வரச் சொன்னால் தினமும் தாமதம், இரண்டாவது வாரத்தில் ‘சோம்பேறி’ என்ற பெயர். பத்தரைக்கு வரச் சொன்னால் பிரச்சினையே இல்லை. வேறு சில மாத்திரைகள் உட்கார்ந்த இடத்தில் உட்காரவிடாத தவிப்பைத் தரும். எழுந்து நடப்பார், திரும்ப உட்கார்வார், கால் ஆடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் இதை நோய் என்று நினைக்கிறார்கள், அது மருந்தின் பக்கவிளைவு. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். அதுவரை நின்றுகொண்டோ நடந்துகொண்டோ செய்யும் வேலை கொடுத்தால் போதும். கை நடுக்கம், வாய் உலர்தல், எடை கூடுவது எல்லாம் இந்த வகைதான்.

இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இரவுப் பணியும் சுழற்சிப் பணியும் ஆகாது. தூக்கம் கெடுவதே மனஎழுச்சியைக் கிளப்பிவிடும். அந்த நோய்க்கான லித்தியம் மருந்தை எடுப்பவர் வெயிலில் வேர்க்க வேர்க்க வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நச்சாகிவிடலாம். அந்த அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைக் கடைசி மாத்திரைக்குச் சுமார் 12 மணி நேரம் கழித்துச் செய்ய வேண்டும், அதனால் அந்தக் காலைகளில் தாமதமாக வர அனுமதி வேண்டும். மனச்சிதைவுக்கான குளோசாபின் மருந்தை எடுப்பவருக்கு வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்கத் தொடக்க மாதங்களில் வாராவாரம் பரிசோதனை உண்டு. ஆக ஒரு நிறுவனம் விட்டுக்கொடுக்க வேண்டியவை இவ்வளவுதான்: வரும் நேரம், சில காலைகள், வாய்வார்த்தையாகச் சொல்வதை எழுதிக் கொடுப்பது, இரைச்சல் குறைந்த ஓர் இருக்கை, வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் மேலாளரோடு பேச்சு. அந்தப் பதினைந்து நிமிடத்தில் வேலையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். “உடம்பு எப்படி இருக்கு?” என்று தொடங்கினால் அவர் அலுவலகத்திலும் நோயாளியாகிவிடுவார்.

நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய தவறு, பேருக்கு ஒரு வேலை கொடுப்பது. கோப்புகளை அடுக்கச் சொல்லிவிட்டு அவற்றை யாரும் எடுத்துப் பார்க்காமல் இருப்பது. தப்பு செய்தால் சொல்லாமல் இரவோடு இரவாக வேறொருவர் திருத்தி வைப்பது. இரக்கப்படுகிறார்கள் என்பது அவருக்கு முதல் வாரமே புரிந்துவிடும். தப்பைத் தப்பு என்று மற்றவர்களிடம் சொல்வது போலவே இவரிடமும் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை.

நோயை அலுவலகத்தில் சொல்வதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவர் மட்டுமே முடிவு செய்யலாம். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் அவசரப்படக் கூடாது. சொல்வதென்றாலும் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இருக்காது. தேவையைச் சொன்னால் போதும். “எனக்கு நீண்டகால உடல்நலப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, சிகிச்சையில் இருக்கிறேன். மருந்தால் காலையில் மந்தமாக இருப்பதால் பத்தரைக்கு வந்து ஆறரை வரை இருக்கிறேன். நான் இரண்டு நாள் தூங்காமல் வந்த மாதிரி தெரிந்தால் என்னிடம் நேரடியாகக் கேளுங்கள்.” இதை ஒருவரிடம் சொல்லலாம், அதிகபட்சம் இருவரிடம். கேட்ட மேலாளர் ‘புரிந்துகொள்ளட்டும்’ என்று அதைக் குழு முழுக்கப் பரப்பினால் அது துரோகம்.

வீட்டுக்குள் இந்த ஓரங்கட்டல் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மகள் மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று வாரம். தம்பி அவளைக் கேட்காமல் அவள் சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் குரலை உயர்த்திக் கேட்கிறாள். ஒரு நொடி வீடே அமைதியாகிறது. அம்மா அப்பாவைப் பார்க்கிறார், அப்பா அம்மாவைப் பார்க்கிறார். பிறகு அந்தக் கேள்வி வருகிறது: “மாத்திரை போட்டியாம்மா?” அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சார்ஜர் இன்னும் தம்பி கையில்தான் இருக்கிறது. ஆனால் பேச்சு அவள் மாத்திரைக்குத் தாவிவிட்டது. இப்படி இருபது முறை நடந்தால் அவள் கோபப்படுவதை விட்டுவிடுவாள். உரக்கச் சிரிப்பதையும் விட்டுவிடுவாள், அதற்கும் அதே பார்வைதான் கிடைக்கிறது. அடுத்த முறை டாக்டரிடம் வீட்டார் சொல்வார்கள்: “இப்போ ரொம்ப அமைதியா இருக்கா, டாக்டர். தேறிட்டா.”

மாத்திரைப் பேச்சுக்கு ஒரு நேரமும் ஒரே ஓர் ஆளும் போதும். ஏழு நாளுக்கும் தனித்தனி அறை உள்ள மாத்திரைப் பெட்டியை வாரத்தில் ஒருநாள் அவளே நிரப்பட்டும், அவள் ஒப்புக்கொண்ட ஒருவர் கூட இருந்து பார்க்கட்டும். மற்ற நேரத்தில், குறிப்பாகச் சண்டையின் நடுவில், அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

பாசம் நோயைக் கூட்டும் என்று சொன்னால் குடும்பங்கள் புண்படுகின்றன, அது நியாயமான வருத்தம்தான். ஆனால் லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் 1950-களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளும் அதன் வழிவந்தவையும் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. ஓயாமல் குறை சொல்லும் வீட்டிலும், வெறுப்பைக் காட்டும் வீட்டிலும், கண்ணுக்குள் வைத்துப் பொத்திப் பாதுகாக்கும் வீட்டிலும் நோய் திரும்ப வருவது அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் சேர்ந்திருந்தால் அபாயம் இன்னும் கூடுகிறது. இதற்காகக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. களைத்துப்போனவர்கள், பயந்துபோனவர்கள் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். இருவருக்கும் தனித்தனி நேரம் கிடைப்பதுதான் மருந்து. மகள் பகலில் ஐந்து மணி நேரம் வெளியே வேலையிலோ வகுப்பிலோ இருக்கட்டும். கவனித்துக்கொள்பவரும் தன் பழைய நட்பு, தன் வேலை, தன் நடைப்பயிற்சி எதையும் விடாமல் வைத்திருக்கட்டும். மகளை ‘சரியாகும் வரை’ வீட்டில் வைத்திருப்பது கண்காணிப்பில் கழியும் அந்த மணிக்கணக்கைத்தான் கூட்டுகிறது.

நலமாக இருக்கும்போதே ஒரு தாளில் சில விஷயங்களை அவளே எழுதி வைப்பது நல்லது. நோய் திரும்புவதற்கு முன் தன்னிடம் வழக்கமாகத் தெரியும் மாற்றங்கள்: இரண்டு இரவு தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், போனை அணைத்து வைப்பது, திரைச்சீலையை விலக்க விடாதது. இவை ஆளுக்கு ஆள் மாறும், பொதுப் பட்டியல் உதவாது. அப்போது யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூடாது, எந்த மருத்துவமனைக்குப் போகத் தனக்குச் சம்மதம், எந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மனஎழுச்சியில் பணத்தை வாரி இறைத்த அனுபவம் இருந்தால் கார்டுக்கு ஒரு நாள் வரம்பு வைக்கலாம். வரம்பை அவளே தீர்மானிக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பார்க்கத் தேதியும் குறிக்க வேண்டும். கார்டையே பிடுங்கி வைப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதே தாளில் எவை அறிகுறி அல்ல என்பதையும் எழுதச் சொல்லலாம். காரணத்தோடு வரும் கோபம் அறிகுறி அல்ல.

வீட்டில் அவள் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலை ஒன்றாவது அவளிடம் இருக்க வேண்டும். இந்த நுட்பத்தை அறிந்து நடத்தப்படும் இடம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் 1948-ல் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸ், மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் தாங்களே கூடிப் பேசிய ஒரு குழுவிலிருந்து முளைத்தது. அங்கே வருபவர் உறுப்பினர், நோயாளி என்று யாரும் அழைப்பதில்லை. வரவேற்பு மேசை, சமையலறை, அலுவலகம் எல்லாவற்றையும் உறுப்பினர்களும் ஊழியர்களும் தோளோடு தோள் நின்று நடத்துகிறார்கள். ஊழியர் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைவாக வைக்கிறார்கள். உறுப்பினர்கள் வராவிட்டால் அன்றைய வேலை நிஜமாகவே நடக்காது. ‘நீங்கள் வர வேண்டும்’ என்பது அங்கே உபசாரப் பேச்சாக இருக்க முடியாது.

பெல்ஜியத்தின் கீல் நகரம் இதைப் பல நூற்றாண்டுகளாகக் குடும்பங்களுக்குள் செய்துவருகிறது. 1930-களின் இறுதியில் மனநோய் உள்ளவர்கள் 3,700-க்கும் மேற்பட்டோர் அங்கே ஊரார் வீடுகளில் தங்கியிருந்தார்கள். வீட்டாருக்கு அவர்கள் ‘விருந்தினர்’, நோயின் பெயரைப் பொதுவாகச் சொல்வதில்லை. என்ன நோய் என்று தெரியாதபோது, ஆளைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இத்தாலியின் திரியேஸ்தேவில், 1971-ல் மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்ற மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியா வேறொரு முடிச்சை அவிழ்த்தார். ‘வேலைச் சிகிச்சை’ என்ற பெயரில் கூலியில்லாமல் வார்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலைக்கு ஒப்பந்தமும் சம்பளமும் பெற்றார்கள். துடைப்பம் மாறவில்லை, துடைத்தவரின் அந்தஸ்து மாறியது.

விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உழைப்பும் பணமும் பெரும்பகுதி அங்கேதான் போகின்றன. ஒரு டாக்டர் மேடையேறி மூளையின் படத்தைக் காட்டி, ‘இதுவும் சர்க்கரை நோய் மாதிரி ஒரு நோய்தான், மூளையில் இரசாயன மாற்றம்’ என்று விளக்குகிறார். கேட்பவர்களுக்கு அறிவு கூடுகிறது, சிகிச்சைக்குப் போகலாம் என்ற எண்ணமும் கூடுகிறது. ஆனால் பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகள் காட்டுவது வேறு: மூளைக் கோளாறு என்று நம்புகிறவர்கள் அதிகமானபோதும், அப்படிப்பட்டவரைப் பக்கத்து வீட்டில், சக ஊழியராக, சம்பந்தியாக ஏற்கும் மனம் கூடவில்லை. சில இடங்களில் குறைந்தது. மூளையே கோளாறு என்றால் எப்போது என்ன செய்வாரோ என்ற பயம் அதில் ஒளிந்திருக்கிறது. உண்மையில் கடும் மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம்.

மனத்தை மாற்றுவது மனிதரோடு மனிதர் பழகுவது. நோயோடு வாழும் ஒருவரை நேரில் பார்த்துப் பழகுவதுதான் மனநோயைக் களங்கமாகப் பார்ப்பதைக் குறைப்பதில் மிக நன்றாக வேலை செய்கிறது என்று 2022-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஆதாரங்களைத் தொகுத்துச் சொன்னது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும். சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். ஒருநாள் கூத்தாக இல்லாமல் தொடர வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இவற்றைத்தான். பேச வருபவரை டாக்டரின் உரைக்கு நடுவே ஐந்து நிமிடச் ‘சாட்சி’யாக நிறுத்துகிறார்கள், சங்கிலியில் கட்டப்பட்டதையும் தற்கொலை முயற்சியையும் விவரிக்கச் சொல்கிறார்கள், கூட்டம் கண்ணீர் விடுகிறது, அவர் வீட்டுக்குப் போய் மூன்று நாள் தூங்காமல் கிடக்கிறார்.

நடத்துவதென்றால் இப்படி நடத்தலாம். கேட்பவர்கள் இருபது, முப்பது பேருக்கு மேல் வேண்டாம். கேட்பவர்களின் உலகத்திலிருந்தே பேசுபவர் வரட்டும்: காவலர்களிடம் பேச நோயோடு பணியில் இருக்கும் ஒரு காவலர், ஆசிரியர்களிடம் ஓர் ஆசிரியர். எதைப் பேசுவார், எதைப் பேச மாட்டார் என்பதை முதல்நாளே அவர் முடிவு செய்து வைத்திருக்கட்டும். இருபது நிமிடப் பேச்சில் நோயின் நாட்கள் ஐந்து நிமிடம் போதும், மீதி அவர் இப்போது எப்படி வாழ்கிறார், எந்த உதவி பயன்பட்டது, எந்தக் கதவு மூடப்பட்டது என்பதாக இருக்கட்டும். பேசுவதற்கு மற்றப் பேச்சாளர்களுக்குத் தரும் அதே கட்டணம் தர வேண்டும். மறுநாள் அவரை ஒருவர் அழைத்துப் பேச வேண்டும். மிக முக்கியமாக, கேட்டவர்கள் அடுத்துச் செய்ய ஒரு குறிப்பான காரியம் இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் என்றால் வாடகை விண்ணப்பத்திலிருந்து மனநோய் பற்றிய கேள்வியை நீக்குவது.

சொற்கள் பற்றி ஓர் உதாரணம் போதும். ஜப்பானில் மனச்சிதைவுக்கு இருந்த பழைய பெயர் ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்படுவது. பெயர் அவ்வளவு கொடுமையாக இருந்ததால் மருத்துவர்களே நோயாளியிடம் அதைச் சொல்லக் கூசினார்கள். குடும்பங்களின் கூட்டமைப்பு 1993-ல் மாற்றக் கேட்டது, 2002-ல் ‘ஒருங்கிணைவு குலைந்த நிலை’ என்ற பொருளில் புதுப்பெயர் வந்தது. தங்கள் நோயின் பெயர் சொல்லப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ 37 விழுக்காட்டிலிருந்து மூன்றே ஆண்டுகளில் 70 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தார்கள். ‘மனச்சிதைவு’ என்ற தமிழ்ச் சொல்லையும் இந்த வெளிச்சத்தில் ஒருமுறை உச்சரித்துப் பார்க்கலாம். சிதைந்தது எதுவும் திரும்பச் சேராது என்றல்லவா காதில் விழுகிறது?

களங்கம் உயிரையும் எடுக்கிறது. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள், பெரும்பாலும் இதய நோய், தொற்று போன்ற தடுக்கக்கூடிய காரணங்களால். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் கோப்பில் இருக்கும் பழைய நோயைப் பார்த்து ‘பதற்றம்’ என்று எழுதி அனுப்பிவிடுவது இதில் ஒரு பங்கு. கூடப் போகிறவர் ஒரு துண்டுத் தாளில் வலி எங்கே, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம், என்ன மருந்துகள் என்று எழுதிக் கொடுக்கட்டும். “இதே வலியோடு வேறொருவர் வந்திருந்தால் என்ன பரிசோதனை செய்வீர்கள்?” என்று பணிவாகக் கேட்கட்டும். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றை மருந்து தொடங்கும்போதும் அதன் பிறகு முறையாகவும் பார்க்கிறார்களா என்றும் கேட்டு வைக்க வேண்டும்.

நோய் திரும்பும் நாளில்தான் ‘அப்புறம் பார்க்கலாம்’ மறுபடி எட்டிப் பார்க்கும். “அப்பவே சொன்னேன், அவசரப்பட்டு அனுப்பினீங்க” என்று யாராவது சொல்வார்கள். கால் எலும்பு முறிந்து படுத்தவரைப் பார்க்க வருகிற கூட்டம் மனநல வார்டுக்கு வருவதில்லை. நண்பர்கள் ‘தொந்தரவு வேண்டாம்’ என்று ஒதுங்குகிறார்கள். இரண்டு வரி செய்தி அனுப்பலாம், பதில் எதிர்பார்க்காமல். பார்வையாளர் நேரத்தில் அரைமணி போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். அலுவலகத்தில் அவர் இருக்கையில் வேறொருவர் அமர்ந்து வேலை பார்க்கலாம், ஆனால் மேசையில் உள்ள பெயர்ப் பலகையை எடுக்க வேண்டாம்.

திரும்பி வரும் நாளில் கூட்டமாக நின்று வரவேற்க வேண்டியதில்லை. முதல் வாரம் அரைநாள், இரண்டாவது வாரம் முக்கால் நாள், மூன்றாவது வாரம் முழுநாள் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். உள்ளே வரும்போது யாராவது ஒருவர், வழக்கமாகப் பேசும் அதே குரலில், அவர் பாதியில் விட்டுப் போன கோப்பை எடுத்து வைத்து, “முப்பத்தேழாம் பக்கம் வரைக்கும் நீங்க பார்த்திருக்கீங்க, மீதி அப்படியே இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம்.